பத்து நாள் பயிர்

நம் ஊர்த் திருவிழாக்களில் முளைப்பாரி சுமந்து செல்லும் பெண்களைக் காணாத தமிழர் அரியர். நவதானியங்களை இருட்டறையில் முளைக்கவிட்டு, விழா முடிந்ததும் நீரில் கரைத்துவிடுகிறோம். அத்தகைய இளந்தளிரை உண்பதற்கென்றே வளர்த்து விற்பது இன்று ஒரு சிறு தொழில். மைக்ரோகிரீன்ஸ் என்பது அதன் பெயர். மைசூரு ஹெப்பாளில், எங்கள் வீட்டு மாடியறையில், நாங்களும் அதனைச் செய்து வருகிறோம்.

2012-இல் அமெரிக்க ஆய்வாளர் 25 வகைத் தளிர்களைச் சோதித்தனர். சிவப்பு முட்டைக்கோஸில் வைட்டமின் சி-யும், கொத்தமல்லியில் கரோட்டினாய்டுகளும் மிகுந்திருந்தன. ஆயினும் இது மருந்தன்று. உணவோடு சேரும் ஒரு பிடிக் கீரையே.

பூச்சிமருந்து தடவாத விதையை ஈரமான தென்னை நார்த்தூளில் நெருக்கமாகத் தூவி, இரண்டு மூன்று நாள் மூடிவைத்து, பின்னர் வெளிச்சம் காட்டவேண்டும். முள்ளங்கியும் கடுகும் பத்து நாளுக்குள் அறுவடையாகும். கொத்தமல்லிக்கு இரு வாரங்களுக்கு மேலாகும். நீர் மிகுந்து காற்றோட்டம் குறைந்தால் பூசணம் பிடிக்கும்.

வளர்ப்பது எளிது, விற்பதே அரிது. முதன்முறை எட்டுத் தட்டுகள் விதைத்தோம். இரண்டே விலைபோயின, எஞ்சியவை வாடிக் குப்பைக்குச் சென்றன. மாதச் செலவுக்கு வைத்திருந்த பணம் அது. விதைத்த பின்னர் வாங்குவோரைத் தேடியதே எங்கள் பிழை. இப்போது ஞாயிறுதோறும் தெருவில் வீடு வீடாகக் கேட்டறிந்து, கேட்ட அளவே விதைக்கிறோம்.

அறுத்தபின் சில நாளே தாங்கும் பொருளுக்குத் தொலைவிலுள்ள சந்தை பயன்படாது. அண்டை வீட்டாரே சந்தை. கீரையைக் கன்னடத்தில் ‘சொப்பு’ என்பர். “சொப்பு ஆயிற்றா?” என்று கேட்டு இன்று எங்கள் கதவைத் தட்டும் அம்மையார்களின் பெயரைக்கூட, முன்பு நாங்கள் அறிந்திருக்கவில்லை.