சோதனை கவசமே!

(தர்மபுரியில் நடந்த 'விளையாட்டு வீரருக்கு ஊக்கமருந்துச் சோதனை கவசமா? கைவிலங்கா?' என்ற பட்டிமன்றத்தில் 'கவசமே' என்ற அணியின் நிறைவுப் பேச்சு)



எதிரணியில் கடைசியாகப் பேசின சகோதரி ஒரு கேள்வி கேட்டாங்க. "வேர்வை சிந்தி ஜெயிச்சுட்டு வர்ற பிள்ளை கையில பாட்டிலைக் குடுத்து, போய் சிறுநீர் பிடிச்சுட்டு வான்னு சொல்றீங்களே, இது அவமானம் இல்லையா?" நீங்களும் நல்லா கைதட்டினீங்க.

அம்மா, ஆஸ்பத்திரிக்குப் போனா டாக்டர் அதே பாட்டிலைத்தான் குடுக்கிறார். சர்க்கரை இருக்கான்னு பார்க்கணும்கிறார். அவமானம்னு யாராவது திரும்பி வந்துடறோமா? பால் சொசைட்டியில லாக்டோமீட்டர் வைக்கிறாங்க. 'என் மாட்டையா சந்தேகப்படறே?'ன்னு யாராவது சண்டைக்குப் போறோமா? மாட்டுக்கு அதுல ஒரு அவமானமும் இல்லீங்க. தண்ணி ஊத்தின ஆளுக்குத்தான் அவமானம்! (சிரிப்பு)

இந்தச் சோதனையைப் பண்ற அமைப்புகளோட பேரைப் பாருங்க. 1999ல் ஆரம்பித்த உலக அமைப்புக்குப் பேரு 'வாடா'. நம்ம இந்திய அமைப்புக்குப் பேரு 'நாடா'. அமெரிக்காவில் 2011ல், காசு வாங்கிச் சண்டை போடுகிற குத்துச்சண்டை வீரர்களுக்காக ஒரு பெண் டாக்டர் ஒரு அமைப்பு ஆரம்பிச்சாங்க. அதுக்கும் பேரு 'வாடா'தான்!

நடுவர்: அதான் வீரர்கள் பயப்படறாங்க. ரெண்டு பக்கமும் 'வாடா வாடா'ன்னு கூப்பிட்டா எந்தப் பக்கம்யா போறது? (பலத்த சிரிப்பு)

அய்யா, நீங்க சிரிப்பாச் சொன்னதுதான் இன்றைய வழக்கோட முடிச்சே. ஓட்டப்பந்தயம், ஒலிம்பிக் என்றால் உலகம் முழுக்க ஒரே சட்டம். தொழில்முறை குத்துச்சண்டையில் அப்படி இல்லை. பட்டம் கொடுக்கிற சங்கங்களே நாலு. அமெரிக்காவில் மாநிலத்துக்கு ஒரு கமிஷன். எப்போது சோதிப்பது, யார் சோதிப்பது, ரத்தமா சிறுநீரா என்பதைப் பல சமயம் சண்டை போடுகிற ரெண்டு தரப்பும் உட்கார்ந்து பேசி ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்கிறார்கள். சம்பந்தி வீட்டுக்காரங்க சீர்வரிசை பேசுற மாதிரி!

அந்தப் பேச்சு முறிஞ்ச கதை ஒன்று சொல்றேன். அமெரிக்காவின் ஃபிளாய்ட் மேவெதர், பிலிப்பைன்ஸின் மேனி பாக்கியாவ். ரெண்டு பேரும் அந்தக் காலத்துச் சிகரங்கள். 2010 மார்ச் 13ஆம் தேதி மோதணும்னு பேச்சு நடக்குது. மேவெதர் தரப்பு, 'எப்ப வேணும்னாலும் ரத்தம் எடுத்துச் சோதிக்கணும்' என்றது. பாக்கியாவ், 'சண்டைக்கு முன்னால் ரத்தம் எடுத்தால் எனக்குப் பலம் குறைகிறது' என்றார். மத்தியஸ்தம் நடந்தது. ஒரு தரப்பு சண்டைக்கு 14 நாள் முன்பு வரை எடுக்கலாம் என்று இறங்கி வந்தது. இன்னொரு தரப்பு 24 நாளோடு நிறுத்தணும் என்று நின்றது. வித்தியாசம் எவ்வளவு? பத்தே பத்து நாள்! அந்தப் பத்து நாளுக்காகச் சண்டை நின்று போச்சு. கடைசியில் எப்போது நடந்தது? 2015 மே 2ஆம் தேதி. ரெண்டு பேருக்கும் ரத்தம், சிறுநீர் எல்லாம் சோதிச்ச பிறகு, ஐந்து வருஷம் கழிச்சு. மேவெதருக்கு வயசு 38, பாக்கியாவுக்கு 36. மாம்பழத்தை மரத்திலேயே விட்டுட்டுச் சீசன் முடிஞ்சு பறிச்ச கதை.

எதிரணியினர் சந்தோஷப்படாதீங்க. 'பார்த்தியா, சோதனையால்தானே சண்டை நின்றது' என்பீர்கள். இல்லீங்க. சோதனைக்கு முன்கூட்டியே ஒரு பொதுச் சட்டம் இல்லாததால் நின்றது. பாக்கியாவ் எந்தச் சோதனையிலும் தோற்றவர் இல்லை. ஆனாலும் ஊர் வாய் சும்மா இருந்ததா? 'எடுத்திருப்பானோ, எடுத்திருப்பானோ' என்று பேசியது. மனுஷன் 2009லேயே மானநஷ்ட வழக்குப் போட்டார். 2012ல் அது சமரசத்தில் முடிந்தது. சோதனை இல்லாத இடத்தில் நல்லவனுக்கும் தன் நல்லதை நிரூபிக்க வழி கிடையாது. அதனால்தான் கவசம் என்கிறேன்.

நம்ம நாட்டுக்கு வருவோம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் குத்துச்சண்டையில் வெண்கலம் வாங்கினார் விஜேந்தர் சிங். இந்தக் விளையாட்டில் இந்தியா வாங்கிய முதல் ஒலிம்பிக் பதக்கம். 2013ல் பஞ்சாப் போலீஸ் ஒரு ஹெராயின் கடத்தல் வழக்கை விசாரிக்கும்போது அவர் பெயரும் அடிபட்டது. டி.வி.யில் ராத்திரி பகலா அதே பேச்சு. முதலில் நாடா, 'போட்டி இல்லாத காலத்தில் ஹெராயினுக்குச் சோதிக்க எங்கள் விதியில் இடமில்லை' என்றது. விளையாட்டு அமைச்சகம் தலையிட்டது. சோதனை நடந்தது. மே மாதம் முடிவு வந்தது: ஒன்றும் இல்லை! பிறகு 2015ல் அவர் தொழில்முறை வீரராகி மேடை ஏறினார். இப்ப சொல்லுங்க சகோதரி, சேற்றை வாரிப் பூசியது எது? சந்தேகம். துடைச்சு விட்டது எது? சோதனை! (கைதட்டல்)

அடுத்து பேராசிரியர் அய்யா. அவர் கொஞ்சம் கனமான கல்லைத்தான் எறிந்தார். "உடம்பில் மருந்து இருக்குன்னுதான் சோதனை சொல்லும், எப்படி வந்ததுன்னு சொல்லாது. தெரியாம சாப்பிட்டவனையும் திருடன்னு சொல்லுது" என்றார்.

ஒப்புக்கொள்கிறேன். மெக்சிகோவின் கனேலோ ஆல்வரெஸ் 2018ல் கிளென்பியூட்டரால் என்ற மருந்துக்காகச் சிக்கினார். 'எங்க ஊர் மாட்டுக்கறியிலிருந்து வந்தது' என்றார். ஆறு மாசம் தடை. மே 5ஆம் தேதி நடக்கவேண்டிய சண்டை செப்டம்பருக்குப் போனது. இங்கிலாந்தில் கானர் பென் 2022ல் சிக்கினார். அவர் அப்பாவும் எதிராளியோட அப்பாவும் 1990லும் 1993லும் மோதினவங்க. இப்ப பிள்ளைகள் மோதப்போறாங்கன்னு ஊரே காத்திருக்கு. ரெண்டு நாள் முன்னால் சண்டை ரத்து! உடம்பில் குளோமிஃபீன். அது பெண்களுக்குக் குழந்தைப்பேறு சிகிச்சையில் கொடுக்கிற மருந்து. நிறைய முட்டை சாப்பிட்டதால் வந்திருக்கலாம் என்று ஒரு சங்கம் 2023ல் சொன்னது. வழக்கு இழுத்து இழுத்து 2024 நவம்பரில்தான் அவருக்குச் சாதகமாக முடிந்தது. இரண்டு வருஷம்! இதில் பேராசிரியருக்கு வருத்தம் இருக்கிற மாதிரியே எனக்கும் இருக்கிறது.

ஆனால் அய்யா, இந்தக் கேள்வியை வேறு எந்த ஊரில் கேட்டிருந்தாலும் நான் தடுமாறியிருப்பேன். தர்மபுரியில் வந்து கேட்டீங்களே! இந்த மாவட்டத்தில் எத்தனை கிராமத்தில் பிள்ளைகளுக்குப் பல்லில் கறை. எத்தனை பெரியவங்களுக்கு மூட்டு மடங்காமல் அவதி. 'பல்லு விளக்காத பயலே'ன்னு பிள்ளையை வைதோம். அப்புறம் என்ன ஆச்சு? கிணற்றுத் தண்ணியைச் சோதிச்சாங்க. போர்த் தண்ணியைச் சோதிச்சாங்க. ஃபுளோரைடு! குற்றம் பிள்ளை மேல் இல்லை, தண்ணி மேல்னு தெரிஞ்சுது. 2013ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. சோதிக்காமல் இருந்திருந்தால் இன்னைக்கும் பிள்ளையைத்தானே வைதுகொண்டிருப்போம்? நிரபராதியை நிரபராதி என்று சொன்னதும் சோதனைதான். சோதனை பாதியில் நின்றால் அநியாயம்; கடைசி வரைக்கும் போனால் நியாயம். அப்படியென்றால் நாம் கேட்க வேண்டியது குறைந்த சோதனையையா, நிறைந்த சோதனையையா? (பலத்த கைதட்டல்)

இன்னொன்று. மற்ற விளையாட்டில் மருந்து எடுத்தவன் திருடுவது பதக்கத்தை. குத்துச்சண்டையில் அவன் கைவைப்பது இன்னொருத்தன் மூளையில். 1982ல் லாஸ் வேகாஸில் கொரியாவின் கிம் டுக் கூ பதினாலாவது ரவுண்டில் விழுந்தார். நாலு நாளில் இறந்து போனார். அதில் மருந்துப் பேச்சே கிடையாது, நேர்மையான சண்டை. அதற்குப் பிறகுதான் பதினைந்து ரவுண்டைப் பன்னிரண்டாகக் குறைத்தார்கள். வெறும் கைபலத்துக்கே உயிர் போகிற இடம் அது. அங்கே கள்ளத்தனமாகப் பலம் ஏற்றிக்கொண்டு வந்தால்? தெரிஞ்சு எடுத்தானா, தெரியாமல் எடுத்தானா என்று அடி வாங்குகிற மண்டைக்குத் தெரியுமா? எதிரில் நிற்பவனும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதானே!

இப்ப சொல்லப்போறது சிரிக்கிற விஷயம் இல்லை. திருச்சிப் பக்கம் முடிகண்டம் கிராமத்திலிருந்து போன நம்ம கோமதி மாரிமுத்து. 2019 ஏப்ரல் 22, தோஹா, ஆசியப் போட்டி, 800 மீட்டர் ஓட்டத்தில் தங்கம். தமிழ்நாடே தூக்கி வச்சுக் கொண்டாடுச்சு. அப்புறம் சோதனையில் நான்ட்ரலோன் என்று வந்தது. தனக்குத் தெரிந்து எதையும் எடுக்கவில்லை என்றே அந்தப் பெண் சொன்னார். 2020ல் நாலு வருஷத் தடை உறுதியாச்சு. தங்கமும் போச்சு. கவனிங்க: தோஹாவுக்கு முன்னால், மார்ச்சிலேயே பாட்டியாலாவில் எடுத்த மாதிரியிலும் அதே மருந்து இருந்தது. அந்த முடிவு சீக்கிரம் வந்திருந்தால் அந்தப் பெண் விமானமே ஏறியிருக்க மாட்டார். உலகம் பார்க்க ஏற்றி, உலகம் பார்க்க இறக்கிய கொடுமை நடந்திருக்காது. அவரைக் கெடுத்தது சோதனை இல்லை. சோதனையின் தாமதம்.

அதனால், நடுவர் அவர்களே, எங்கள் அணி கண்ணை மூடிக்கொண்டு வாதாடவில்லை. கவசம் என்றால் ஓட்டை இருக்கக் கூடாது. 2019 ஆகஸ்டில் நம்ம டில்லி பரிசோதனைக் கூடத்தின் அங்கீகாரத்தையே உலக அமைப்பு நிறுத்தி வைத்தது. 2021 டிசம்பரில்தான் திரும்பக் கிடைத்தது. அந்த நிலைமை மறுபடி வரக்கூடாது. முடிவு சீக்கிரம் வரணும். ஒரே சிறுநீரை இரண்டு பாட்டிலில் பிரிச்சு மூடுகிறார்களே, அந்த இரண்டாவது பாட்டிலைத் திறந்து பார்க்க ஏழைப் பிள்ளைக்கும் வசதி வேணும், வாதாட வக்கீலும் வேணும். இது மூன்றும் எங்கள் கோரிக்கை. கவசம் இறுக்குது என்றால் தட்டிச் சரி பண்ணணும். தூக்கி எறிஞ்சுட்டுப் போர்க்களம் போகலாமா?

தாய்மார்களே, உங்களுக்குத் தனியா ஒரு வார்த்தை. 2023ல் மட்டும் இந்திய வீரர்களிடம் எடுத்த 5,606 மாதிரிகளில் 213ல் மருந்து இருந்தது. நூற்றுக்கு ஏறக்குறைய நாலு. இது ஏதோ அமெரிக்கா சமாச்சாரம்னு நினைக்காதீங்க. உங்க வீட்டுப் பையன் ஜிம்முக்குப் போறான். மூணு மாசத்தில் கை ரெண்டும் தூண் மாதிரி ஆகுது. நமக்கும் பெருமையாத்தான் இருக்கு. அலமாரியில் இருக்கிற அந்தப் பவுடர் டப்பா எங்கே வாங்கினது, ஊசி ஏதாவது போட்டாங்களான்னு ஒரு வார்த்தை கேளுங்க. கண்ட ஊக்கமருந்தால் ஈரல் கெடும், இதயம் கெடும், நாளைக்குப் பிள்ளை பிறக்கிறதே சிரமமாகும். நாடா வர்றதுக்கு முன்னாடி அம்மா சோதிச்சால் வீட்டுக்கு நல்லது. 'ஏன்டா, இது என்ன?'ன்னு கேட்கிறது சந்தேகமா? அது பாசம்!

நிறைவாக ஒன்று. இது தகடூர். அதியமான் ஆண்ட மண். ஆயுள் நீட்டிக்கிற அரிய நெல்லிக்கனி அவர் கையில் கிடைத்தது. போர் செய்கிற மன்னன், எதிரிகள் சுற்றிலும் நிற்கிறார்கள். அவருக்குத்தானே அது தேவை? அவர் என்ன செய்தார்? தான் தின்னவில்லை. ஔவைக்குக் கொடுத்தார். அந்த நன்றியை ஔவையார் பாடியது புறநானூற்றில் இருக்கிறது. தன் தோள்பலம் போதும் என்று நம்புகிறவனுக்குக் கனியும் வேண்டாம், ஊசியும் வேண்டாம், சோதனையைக் கண்டு பயமும் வேண்டாம். 'வா, வந்து எடுத்துப் பார்' என்று கை நீட்டுவான். அப்படி நீட்டுகிற கையில் விலங்கு எப்படி மாட்டும்?

எனவே, நடுவர் அவர்களே, ஜெயிக்கிறவனின் பெயரைக் காப்பாற்றவும், தோற்கிறவனின் உயிரைக் காப்பாற்றவும், வேடிக்கை பார்க்கிற நம்ம பிள்ளைகளின் உடம்பைக் காப்பாற்றவும் ஊக்கமருந்துச் சோதனை கவசமே, கவசமே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)