தண்ணிக்கும் சேமிப்பு வேணும்

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில், வீட்டில் அலங்கார மீன் வளர்க்கும் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



மாட்டுக் கடன், தையல் மிஷின் கடன் பத்தி எல்லாம் பேசினாங்க. நான் மீன் தொட்டிக்குக் கடன் வாங்கினவ. "மீனா? குழம்பு வைக்கவா?"ன்னு என் குழுவிலேயே சிரிச்சாங்க. நான் வளர்க்கிறது சிக்லிட் என்கிற அழகு மீன். பேரு புதுசா இருந்தாலும் நமக்குத் தெரிஞ்ச சொந்தம்தான். நாம சந்தையில வாங்குற ஜிலேபிக் கெண்டையும் இந்தக் குடும்பம்தான். கடைத் தொட்டியில பார்க்கிற ஏஞ்சல், ஆஸ்கரும் அப்படியே. என்கிட்ட இருக்கிறது ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியைச் சேர்ந்த மஞ்சள் சிக்லிட். தாய் மீன் முட்டையை வாயிலேயே வச்சு, சுமார் 3 வாரம் சரியா இரை எடுக்காம குஞ்சைக் காப்பாத்தும். அதைப் பார்த்துத்தான் எனக்கு இந்தத் தொழில் மேல ஆசையே வந்தது.

வீட்டுக்காரருக்கு சிப்காட்ல காண்ட்ராக்ட் வேலை. வேலை இல்லாத மாசமும் உண்டு. அதனால குழுவில 20,000 ரூபாய் உள்கடன் வாங்கி 4 தொட்டி போட்டேன். கொளத்தூர் மார்க்கெட்டுல குஞ்சு வித்து ஆறு மாசம் தவணை ஒழுங்கா கட்டினேன். அப்புறம் ஒரே ராத்திரியில 26 மீன் செத்துப் போச்சு. ஏன்னு சொல்லத்தான் இங்க நிக்கிறேன்.

போர் தண்ணி உப்பா இருக்கேன்னு, நாம குடிக்கிற ஆர்.ஓ. கேன் தண்ணியை மீனுக்கும் ஊத்தினேன். நமக்கு நல்லதுன்னா மீனுக்கும் நல்லதுதானேன்னு நினைச்சேன். சில மாசத்துல மீன் சோர்ந்து மூலையில ஒதுங்குச்சு. சோதிச்சா பி.எச். 6. இந்த மீனுக்கு 7.8-லிருந்து 8.5 வரை வேணும். பதறிப்போய், ஒருத்தர் சொன்னபடி ஆப்பசோடாவை ஒரே தடவையா கரைச்சு ஊத்தினேன். சாயங்காலம் பி.எச். 8-ஐத் தாண்டுச்சு. 'சரியாயிடுச்சு'ன்னு தூங்கப் போனேன். காலையில மீன் எல்லாம் மிதக்குது.

அந்த வாரம் குழுக் கூட்டத்துக்கு வரவே வெக்கமா இருந்தது. ஆனா என் குழு அக்காமார் தவணையை ரெண்டு மாசம் தள்ளி வைக்கத் தீர்மானம் போட்டாங்க. "என்ன தப்புன்னு தெரிஞ்சுக்கிட்டு வா"ன்னு மட்டும் சொன்னாங்க. பொன்னேரியில இருக்கிற டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரிக்குப் போய்க் கேட்டேன். அங்க கத்துக்கிட்டதை நம்ம பாஷையில சொல்றேன்.

பி.எச். என்பது தண்ணி புளிப்பா, காரமான்னு சொல்ற அளவு. 7 நடு. எலுமிச்சைச் சாறு 2 பக்கம், சுண்ணாம்புத் தண்ணி 12 பக்கம். ஒரு எண் மாறினா பத்து மடங்கு மாற்றம். 6-லிருந்து 8-க்குப் போனா நூறு மடங்கு!

மீன் கழிவுலயும் மிச்ச தீனியிலயும் அமோனியா உண்டாகும். அதைத் தின்னு சரிபண்ற நல்ல கிருமிங்க ஃபில்டர்ல இருக்கு. பி.எச். ரொம்பக் குறைஞ்சா அந்தக் கிருமிங்க வேலை மந்தமாகி, அமோனியா சேர்ந்துடும். பி.எச். குறைவா இருக்கிறவரை அதுல பெரும்பங்கு விஷமில்லாத உருவத்துல அடங்கிக் கிடக்கும். 7-ல நூத்துக்கு ஒரு பங்குகூட விஷமா இருக்காது. 8-ல 5 பங்குக்கு மேல விஷம். நான் சோடா ஊத்தி, அடங்கிக் கிடந்த விஷத்தை எழுப்பி விட்டேன்.

சரி, பி.எச். ஏன் குறைஞ்சது? அமோனியா சரியாகும்போது புளிப்பு உண்டாகும். அதைத் தாங்கிக்கிற சக்தி தண்ணியில இருக்கிற கார்பனேட்டுக்கு உண்டு. டெஸ்ட் கிட்ல அதை கே.எச்.னு போட்டிருக்கும். அதுதான் தண்ணியோட சேமிப்பு. நம்ம குழுவில வாராவாரம் சேமிச்சா அவசரத்துக்கு உதவுது இல்ல? அது மாதிரி. போர் தண்ணியில பெரும்பாலும் அந்தச் சேமிப்பு இருக்கும். ஆர்.ஓ. தண்ணியில அது கிட்டத்தட்ட காலி.

இப்ப நான் செய்யறது இதுதான்:

போர் தண்ணியை டிரம்மில ஒருநாள் காத்து விட்டு வைப்பேன். அப்புறம்தான் பி.எச். பார்ப்பேன். புதுசா எடுத்த தண்ணியில கரைஞ்ச வாயு இருக்கறதால அளவு குறைவா காட்டும். குழாய்த் தண்ணின்னா அதுல இருக்கிற குளோரினும் இதுல போகும்.

மாசம் ரெண்டு தடவை கே.எச். பார்ப்பேன். ஆப்பிரிக்க மீனுக்கு 100 பி.பி.எம்.-க்குக் கீழ விடமாட்டேன்.

வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணி மாத்துவேன். பழவேற்காட்டுக் கிளிஞ்சலை நல்லா கழுவித் துணிப்பையில கட்டி ஃபில்டர்ல போட்டிருக்கேன். தண்ணி புளிக்கும்போது அது கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு தாங்கும். சுட்ட சுண்ணாம்பு மட்டும் போட்டுடாதீங்க, மீன் வெந்துடும்.

பி.எச். இறங்கிட்டா பதறாதீங்க. தீனியை நிறுத்துங்க. அமோனியா பாருங்க. தினமும் பத்துல ஒரு பங்கு தண்ணி மட்டும் மாத்துங்க. ஒரு நாளைக்கு 0.2, 0.3-க்கு மேல ஏத்தாதீங்க. எண்ணைத் துரத்தினா மீன் போயிடும். நிலையா இருந்தா மீன் பிழைச்சுக்கும்.

சிப்காட் பக்கத்துப் போர் வச்சிருக்கிறவங்க இன்னொண்ணு கவனிங்க. உலோகக் கலப்பு பி.எச். பேப்பர்ல தெரியாது. தொழில் ஆரம்பிக்கிறதுக்கு முன்ன குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துல ஒருதடவை தண்ணி சோதனை பண்ணிடுங்க. தண்ணியைத் தெரிஞ்சுக்கிட்டு அதுக்கு ஏத்த மீனை எடுங்க. மென்மையான தண்ணி கேக்கற டிஸ்கஸை நம்ம உப்புப் போர்ல வளர்க்க நினைச்சா கஷ்டம்தான்.

2020-ல ஆரம்பிச்ச பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்துல, வீட்டு அலங்கார மீன் யூனிட்டுக்கு 3 லட்சம் திட்ட மதிப்பில பெண்களுக்கு 60 சதவீதம் மானியம் வச்சிருந்தாங்க. இப்ப விண்ணப்பம் வாங்குறாங்களான்னு மீன்வளத் துறையில கேளுங்க. ஆனா மானியம் தொட்டி வாங்கத்தான் உதவும். தண்ணியை நாமதான் பார்த்துக்கணும்.

என் கடன் போன மாசம் முடிஞ்சது. கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள். பி.எச்., கே.எச்., அமோனியா மூணும் பார்க்கிற டெஸ்ட் கிட் ஒண்ணு பொதுவா வாங்கி வைங்க. மீன் வளர்க்கிற எந்தத் தங்கச்சியும் என்னை மாதிரி கண்ணைக் கட்டிக்கிட்டு சோடா ஊத்த வேண்டாம். எல்லாருக்கும் சொல்லிக் கொடுக்க நான் வர்றேன்.