காண்துளையில் தெரிவது எது?



சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நம் குடும்பங்களில் திருமணம் என்றால், முகூர்த்த நாளுக்கு அடுத்தபடியாகப் பேசப்படுவது படம் எடுப்பவரைப் பற்றித்தான். அத்தொழிலையே பிழைப்பாகக் கொள்ள விரும்பும் இளைஞர் சிலர், "கண்ணாடி வைத்த பழைய காமிராவா, உள்ளே சின்னத் திரை வைத்த புதியதா?" என்று நம்மிடம் கேட்கின்றனர். சேமிப்பு முழுவதையும் ஒரே பொருளில் இடப்போகிறவர்களுக்கு இது சிறு வினா அன்று.

நம் வீடுகளில் முன்பு இருந்த ஆக்ஃபா கிளிக் 3 காமிராவில் லென்சு ஓரிடம், காண்துளை வேறிடம். அருகே நிற்பவரின் தலை படத்தில் அறுபட்டுப் போனதற்கு அதுவே காரணம். மாமாவின் கைந்நடுக்கம் அன்று! 1959-இல் வந்த நிக்கான் எஃப் போன்றவற்றில், சாய்ந்த கண்ணாடியும் அதன் மேல் ஒரு பட்டகமும் லென்சு காண்பதையே நமக்கும் காட்டின. ஆனால், பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி மேலெழும்; காண்துளை இருளும். தாலி கட்டும் அக்கணத்தை மண்டபமே காண, படம் எடுப்பவர் மட்டும் காண்பதில்லை.

2008-இல் வந்த பானசோனிக் ஜி1 அக்கண்ணாடியையே நீக்கியது. உணரியில் விழும் ஒளி சிறு திரையில் காட்சியாகிறது. படம் வெளுக்குமா, கறுக்குமா என்பது எடுக்குமுன்னரே தெரிந்துவிடும். 2017-இல் வந்த சோனி ஏ9 போன்ற சிலவற்றில், மின்னணு மூடி கொண்டு எடுக்கையில் காட்சி இருளுவதும் இல்லை.

குறைகளும் உண்டு. மங்கிய ஒளியில் திரையில் புள்ளிகள் மொய்க்கும். காட்சி சற்றே பின்தங்கும். பிளாஷ் கொண்டு எடுக்கையில் திரை கறுத்தால் அஞ்ச வேண்டா. ஒளியளவை முன்காட்டும் அமைப்பை நிறுத்திவிட்டால் போதும். மின்கலச் செலவுதான் பெரிது. நிக்கான் டி850 ஒரு மின்கலத்தில் 1840 படங்கள் எடுக்கும் என்றும், இசட்7 330 படங்களே எடுக்கும் என்றும் செந்தர அளவீடு கூறுகிறது. மாப்பிள்ளை அழைப்பு முதல் முகூர்த்தம் வரை நிற்பவர் உபரி மின்கலங்களின்றிப் புறப்படலாகாது. (திருமலைக் கோயிலுக்குள்ளோ காமிராவுக்கே இடமில்லை, அங்கு இவ்வழக்கு எழாது!)

நேலப்பட்டில் கூழைக்கடாக்களையும் பழவேற்காட்டில் பூநாரைகளையும் எடுக்கச் செல்லும் பிள்ளைகளுக்கு ஒரு சொல். கண்ணாடிக் காமிராவின் வழியே ஞாயிற்றை ஒருபோதும் பார்க்காதீர். லென்சு குவிக்கும் ஒளி விழித்திரையைச் சுட்டுவிடும். மின்னணுத் திரையில் கண்ணுக்கு அவ்விடர் இல்லை, உணரிக்கு உண்டு.

திருமணப் படம் எடுத்துப் பிழைப்பவருக்குப் புதியதே தக்கது என்பது நம் கருத்து. கற்கும் மாணவருக்கு, ஒருவர் பயன்படுத்தி விற்கும் கண்ணாடிக் காமிராவே போதும்; மிஞ்சும் பணத்தில் நல்ல லென்சு வாங்கலாம். எதை வாங்குவதாயினும், ஒரு திருமணத்திற்கு வாடகைக்கு எடுத்து, இரவு வரவேற்பு முடியும்வரை அதில் கண் வைத்துப் பார்த்த பின்னரே பணத்தைக் கொடுங்கள்.