முணுமுணுப்பு போதாது
(தோட்டக் கிளைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



நம்மிடம் குறைகளுக்குப் பஞ்சமில்லை. பெரட்டில் முணுமுணுக்கிறோம்; பால் நிறுக்கும் இடத்தில் முகம் சுளிக்கிறோம்; லயத்து வாசலில் உட்கார்ந்து நிர்வாகத்தைத் திட்டித் தீர்க்கிறோம். இவை எதுவும் ஆபீசுக்குள் போய்ச் சேருவதில்லை.

1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோழர்கள் என்ன செய்தார்கள்? கோரிக்கைகளை வரிசைப்படுத்தி முன்வைத்தார்கள். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, கள்ளுக்கடை ஒழிப்பு, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் இழிவுக்கு முடிவு, பேசவும் கூடவும் உரிமை. தலைவர் ஆர். எச். நாதன் கைதானார். பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. வாய் திறந்ததற்கு அன்று கொடுத்த விலை அது!

இன்று நம் வாய்க்குச் சட்டத்தின் காவல் உண்டு. 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்தது. சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒருவரை வேலைநீக்கம் செய்யக் கூடாது என்கிறது 1967-ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டம். அதன்படி கூட்டு ஒப்பந்தத்தின் காலம் 3 ஆண்டுக்குக் குறையக் கூடாது. தோழர்களே, இதைக் கவனியுங்கள்: பேச்சுவார்த்தைக்கு முன் நாம் சொல்லாமல் விட்ட குறையை 3 ஆண்டு சுமக்க வேண்டிவரும்!

எப்படிச் சொல்வது? பாலில் உள்ள காய்ந்த ரப்பரின் விழுக்காட்டில் சந்தேகமா? "கிராணி ஏமாற்றுகிறார்" என்று கத்தினால் அது சண்டையாக முடியும். தேதி, நிரை எண், பாலின் எடை, போட்ட விழுக்காடு, இவற்றை ஒரு மாதம் நோட்டில் குறித்து வையுங்கள். பக்கத்து நிரைக்காரரும் குறிக்கட்டும். அதுவே சான்று. அதைக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். அவர் தனியாகப் போகாமல் கமிட்டியினர் இருவருடன் மானேஜரைப் பார்க்கட்டும். பேசியதை எழுதி, பதில் தரும் நாளையும் கேட்டு வரட்டும். அங்கே தீராவிட்டால் சங்கத்தின் மேல் அலுவலகம் இருக்கிறது. அதற்கப்பால் தொழில் உறவு இலாகா இருக்கிறது.

தாய்மார்களே, நீங்கள் பின்வரிசையில் மௌனமாக இருந்தால் ஆயாக் கொட்டகையின் குறையை யார் சொல்வார்? இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்து நம்மோடு உழைப்பவர்களையும் கேளுங்கள். அவர்கள் குறையும் நம் குறையே.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கொரு நோட்டுடன் வாருங்கள்.