ரிப்பன் மாளிகையும் நமது கடமையும்
(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்திற்கு அருகே விளங்கும் வெண்ணிற மாளிகையை நம்மில் அறியாதார் இலர். 1913-ஆம் வருஷத்தில் திறக்கப்பெற்ற அம்மாளிகைக்கு ரிப்பன் பிரபுவின் நாமம் வாய்த்த காரணத்தை அறிந்தவரோ சிலரே. ஸ்தல விஷயங்களை அந்தந்த ஸ்தலத்து ஜனங்களின் பிரதிநிதிகளே நடத்துதல் வேண்டும் என்னும் கொள்கையை 1882-ஆம் வருஷத்துத் தீர்மானத்தால் நிலைநாட்ட முயன்றவர் அவர். ஆகவே, அம்மாளிகை வெறும் கல்லும் சுண்ணாம்பும் அன்று. ஒரு கொள்கையின் ஞாபகச் சின்னமாம்.

1688-ல் தோன்றிய நமது நகரசபை, ஜனப் பிரதிநிதிகளின் ஊக்கத்தால் ஆற்றிய நற்காரியங்களுள் ஒன்றைக் கூறுவேன். சர் பிட்டி தியாகராயச் செட்டியார் தலைமை வகித்த 1920-ல், ஆயிரம் விளக்கிலுள்ள நகரசபைப் பள்ளியில் ஏழைச் சிறார்க்கு மதிய உணவு அளிக்கச் சபையார் தீர்மானித்தனர். பிற்காலத்தில் மாநிலமெங்கும் பரவிய மதிய உணவுத் திட்டத்திற்கு அது முன்னோடியாயிற்று.

இத்தகைய சபை 1973-ல் கலைக்கப்பட்டு, 1996 வரையில் தேர்தலின்றிக் கிடந்தது. ஐந்தாண்டு முடியுமுன் தேர்தல் நடத்துதல் வேண்டும் என்று அரசியல் சட்டம் 1993 முதல் விதித்திருந்தும், 2016 முதல் 2022 வரை மீண்டும் சபை இல்லாதொழிந்தது. மாளிகை இருந்தது, அதற்குரிய பிரதிநிதிகள் இலர். பின்னர் 2022 பிப்ரவரியில் தேர்தல் வாய்த்தபோதோ, நகர வாக்காளரில் பாதிப்பேரும் வாக்களிக்கவில்லை!

நாம் செய்வது யாது? சாக்கடை அடைத்தாலும், தெருவிளக்கு எரியாவிடினும், நம்மவருள் செல்வாக்குடையார் ஒருவரைத் தேடிச் சிபாரிசு வேண்டுகிறோம். நானும் அவ்வாறு அலைந்தவனே. மறைப்பதற்கில்லை. என் வாயிலில் தேங்கிய மழைநீர் அண்டை வீட்டார் வாயிலிலும் தேங்கிற்று. அது குலம் விசாரித்து நிற்கவில்லை. சிபாரிசினால் ஒரு வீட்டின் குறை தீரலாம். தெருவின் குறை தீராது.

ஆதலின் என் விண்ணப்பம் இதுவே: நகரத்தின் 200 வார்டுகளுள் தம் வார்டு எது, அதன் கவுன்சிலர் யார் என்பதை ஒவ்வொருவரும் அறிதல் வேண்டும். தெருவார் யாவரும், எக்குலத்தாராயினும், ஒன்றுகூடி மனுவில் கையொப்பமிடுதல் வேண்டும். தேர்தல் நாளில் வீட்டுப் பெண்டிரோடு சென்று வாக்களித்தல் வேண்டும். அங்ஙனம் செய்வோமாயின், அவ்வெண்மாளிகையைக் குழந்தைகளுக்குக் காட்டி, இது நம்முடையது என்று கூசாமற் கூறலாம்.