சிகாகோவில் தந்தையும் மகனும்

1952-ஆம் ஆண்டு ஜூலை மாதம் சிகாகோ நகரில் நடைபெற்ற குடியரசுக் கட்சி மகாநாட்டைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் வென்றவர் பக்கம் நின்றே பேசுவது வழக்கம். ஐரோப்பாவில் நேச நாட்டுப் படைகளுக்குத் தலைமை தாங்கிய தளபதி ஐஸன்ஹோவர் அன்று வென்றார். பின்னர் நாட்டின் ஜனாதிபதியும் ஆனார். நாம் இன்று சிறிது நேரம் தோற்றவர் பக்கத்தில் அமர்ந்து பார்ப்போம். ஒஹாயோ மாநிலத்துச் செனட்டர் ராபர்ட் டாஃப்ட் என்பவரே அவர்.

முதலில் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். நம் நாட்டில் நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் உள்ள தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கின்றனர். அமெரிக்காவிலோ, தேர்தலுக்கு முன் ஒவ்வொரு கட்சியும் மகாநாடு கூட்டித் தன் அபேட்சகரைத் தீர்மானிக்கிறது. மாநிலங்களிலிருந்து வரும் பிரதிநிதிகள் அங்கே வாக்களிப்பர். 1952-இல் பிரதிநிதிகளின் வாக்குகள் 1,206. வெற்றிக்குத் தேவை 604.

டாஃப்ட் அக்கட்சியின் பழைமைப் பற்றாளர்களுக்குத் தலைவர். அரசாங்கம் தன் செலவைக் குறைக்க வேண்டும், தொலைதூர நாடுகளின் காவலை அளவுக்கு மிஞ்சி ஏற்கலாகாது என்பவை அவர் கொள்கைகள். 1949-இல் வட அட்லாண்டிக் உடன்படிக்கைக்கு எதிராக வாக்களித்தார். அதே ஆண்டில் ஏழைகளுக்கு அரசாங்கம் வீடு கட்டித் தரும் சட்டத்திற்கு முன்னின்று உழைத்தவரும் அவரே. பழைமைப் பற்று என்றவுடன் கல் நெஞ்சம் என்று பொருள் கொள்வோர் இதனைக் கவனிக்க வேண்டும். 1940-இலும் 1948-இலும் அவர் அபேட்சகராக முயன்றார். இருமுறையும் கட்சி வேறொருவரைத் தேடிக்கொண்டது. அவ்வேறொருவர் இருமுறையும் நாட்டின் தேர்தலில் தோற்றனர். பல்லாண்டுகள் கட்சிக்காக உழைத்தவனுக்கு இம்முறையேனும் உரியது கிட்ட வேண்டும் என்று அவர் அன்பர்கள் எண்ணியதில் வியப்பில்லை.

தகராறு டெக்ஸாஸில் மூண்டது. அங்கே குடியரசுக் கட்சி மிகச் சிறியது. மே மாதத்தில் வட்டாரக் கூட்டங்கள் நடந்தபோது, அதுவரை எதிர்க்கட்சிக்கு வாக்களித்து வந்த பலர் திரண்டு வந்து, தாம் குடியரசுக் கட்சியினர் என்று ஒரு தாளில் கையெழுத்திட்டு, ஐஸன்ஹோவருக்கு ஆதரவு தெரிவித்தனர். நேற்று மாலை வந்தவன் இன்று காலை வீட்டுச் சாவியைக் கேட்பதா என்று பழைய அங்கத்தினர் கொதித்தனர். அவர்கள் மினரல் வெல்ஸ் என்னும் ஊரில் மாநில மகாநாடு கூடியபோது அப்புதியவர்களின் ஆட்களை ஒதுக்கிவிட்டு, டாஃப்ட் பக்கத்தாரையே சிகாகோவுக்கு அனுப்பத் தீர்மானித்தனர். ஐஸன்ஹோவர் தரப்பு இதனைத் திருட்டு என்று நாடெங்கும் பறைசாற்றியது. ஜார்ஜியாவிலும் லூயிசியானாவிலும் இத்தகைய பிணக்குகளே. ஆக, சற்றேறக்குறைய 70 இடங்கள் யாருக்கு என்பது கேள்வி.

கட்சி என்பது ஒருநாள் திரளும் சந்தைக் கூட்டமன்று என்னும் டாஃப்ட் தரப்பின் வாதத்தில் நமக்கு உடன்பாடு உண்டு. ஆயினும் அதனை அவர்கள் நிலைநாட்டிய விதத்தில் உடன்பாடில்லை. வந்தவர்களில் யார் மெய்யாகக் கட்சி மாறியவர், யார் ஒருநாள் விருந்தினர் என்று ஆராய்ந்திருக்கலாம். மொத்தமாகக் கதவடைத்தது விவேகமன்று. அவ்வாண்டு நவம்பரில் அதே டெக்ஸாஸ் ஐஸன்ஹோவருக்கு வாக்களித்தது. 1928-க்குப் பின் அங்கே குடியரசுக் கட்சி வென்றது அதுவே முதன்முறை.

சிகாகோவில் மகாநாடு கூடியதும், ஐஸன்ஹோவர் தரப்பு ஒரு புதிய விதியைக் கொணர்ந்தது. தகராறுக்குட்பட்ட பிரதிநிதிகள், தம் இடம் உறுதியாகும் வரை, பிறருடைய தகராறுகளிலும் வாக்களிக்கலாகாது என்பது அது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'நேர்மையான ஆட்டம்'. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நம்மைப் போன்றோர் இப்பெயரைக் கண்டு சற்றே புன்னகை செய்வோம். நேர்மைக்கு எதிராக எவன் கை தூக்குவான்? பெயரிட்டபோதே பாதிப் போர் முடிந்துவிட்டது. டாஃப்ட் தரப்பு அவ்விதியைத் தளர்த்தக் கொணர்ந்த திருத்தம் 548-க்கு 658 என்ற வாக்குகளில் தோற்றது.

ஆட்டம் தொடங்கிய பின் விதியை மாற்றுவது முறையா என்று டாஃப்ட் பக்கத்தார் கேட்டனர். நல்ல கேள்வியே. ஆனால் அதே சிகாகோவில் 40 ஆண்டுகளுக்கு முன் நடந்ததை மறைத்து அதனைக் கேட்க இயலாது. 1912-இல் ஜனாதிபதியாயிருந்த வில்லியம் ஹோவர்ட் டாஃப்ட், இந்த ராபர்ட்டின் தந்தையார். அவரை எதிர்த்து நின்றவர் முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட். கட்சியின் தேசியக் குழு தகராறுக்குட்பட்ட 254 இடங்களில் 235-ஐ டாஃப்டுக்கு அளித்தது. ரூஸ்வெல்டுக்குக் கிடைத்தவை 19. அவ்விடங்களைப் பெற்றவர்கள் ஒருவர் வழக்கில் மற்றவர் வாக்களிக்கலாம் என்று தலைமை வகித்த எலிஹு ரூட் தீர்ப்பளித்தார். தந்தையைக் காத்த அப்பழைய வழக்கமே மகனுடைய காலத்தில் எடுத்தெறியப்பட்டது. பழைய விதி என்பதனாலேயே அது நல்ல விதியாகிவிடாது என்பதைப் பழைமைப் பற்றாளராகிய நாமும் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

1912-இல் ரூஸ்வெல்ட் என்ன செய்தார்? வெளியேறித் தனிக்கட்சி கண்டார். வாக்குகள் பிளந்தன, எதிர்க்கட்சியின் உட்ரோ வில்ஸன் 435 தேர்வாளர் வாக்குகளோடு வென்றார். ரூஸ்வெல்டுக்கு 88. பதவியிலிருந்த டாஃப்டுக்கு எட்டே எட்டு. அவர் மகனுக்கு அப்போது 23 வயது.

1952 மகாநாட்டில் கசப்பு அதற்குக் குறைந்ததன்று. ஜார்ஜியா வழக்கின் விவாதத்தில் செனட்டர் டர்க்ஸன், கீழே அமர்ந்திருந்த டியூயியை நோக்கி விரல் நீட்டி, முன்பும் உம்மை நம்பித் தோல்விப் பாதையில் நடந்தோமே என்று குற்றஞ்சாட்டினார். 1944-இலும் 1948-இலும் தோற்ற அபேட்சகர் டியூயியே. இப்போது ஐஸன்ஹோவருக்குத் துணை நின்றவரும் அவரே. மண்டபம் கூச்சலில் அதிர்ந்தது. ஜார்ஜியா இடங்கள் 531-க்கு 607 வாக்குகளில் ஐஸன்ஹோவர் பக்கம் சென்றன. ஜூலை 11-ஆம் நாள் முதல் சுற்றில் ஐஸன்ஹோவருக்கு 595, டாஃப்டுக்கு 500. மின்னஸோட்டா தன் வாக்குகளை மாற்றியதும் எல்லாம் முடிந்தது.

ஐஸன்ஹோவர் தம் விடுதியிலிருந்து வீதியைக் கடந்து எதிர் விடுதியில் இருந்த டாஃப்டைக் காணச் சென்றார். பண்புடைய செயல். டாஃப்ட் அவரை ஆதரிப்பதாக வாக்களித்தார். ஆயினும் தம் கொள்கைகளை அவர் அந்த விடுதியிலேயே விட்டுவிடவில்லை. செப்டம்பர் 12-ஆம் நாள் நியூயார்க்கில் ஐஸன்ஹோவரின் இல்லத்தில் இருவரும் மீண்டும் கூடிப் பேசினர். செலவுக் குறைப்புப் பற்றிய உறுதிமொழிகளைப் பெற்ற பின்னரே டாஃப்ட் முழு மூச்சோடு பிரசாரத்தில் இறங்கினார். எதிர்க்கட்சியினர் இதனை ஐஸன்ஹோவரின் சரணாகதி என்று எள்ளினர். வெளியேறித் தனிக்கட்சி காண்பதைவிட, உள்ளிருந்தபடியே பேரம் பேசுவது கட்சிக்கும் நாட்டுக்கும் உகந்தது என்பதே நம் கருத்து.

1953 ஜனவரியில் டாஃப்ட் செனட் சபையில் ஆளுங்கட்சித் தலைவரானார். மாஸ்கோவுக்குத் தூதராகச் சார்ல்ஸ் போலெனை ஐஸன்ஹோவர் நியமித்தபோது, செனட்டர் மெக்கார்த்தி முதலியோர் எதிர்த்தனர். அவர்களில் பலர் டாஃப்டின் நெடுநாளைய தோழர்கள். டாஃப்ட் போலென் பற்றிய இரகசியக் குறிப்புகளைத் தாமே நேரில் படித்துப் பார்த்து, அவர்மீது குற்றமில்லை என்று சபையில் அறிவித்து, நியமனத்தை நிறைவேற்றித் தந்தார். அடுத்த மாதம், வரவு செலவுத் திட்டத்தில் வெட்டு போதாது என்று வெள்ளை மாளிகைக் கூட்டத்தில் அதே ஐஸன்ஹோவரிடம் மேசையைத் தட்டிச் சினந்தார். புற்றுநோய் அதற்குள் அவர் உடலைப் பற்றியிருந்தது. ஜூன் மாதத்தில் ஊன்றுகோல்களுடன் சபைக்கு வந்து, தலைமைப் பொறுப்பைச் செனட்டர் நோலண்டிடம் ஒப்படைத்தார். ஜூலை 31-ஆம் நாள் காலமானார்.