பேடு மட்டும் மாற்றினால் போதுமா?

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு வரும் வழியில் பாலத்துக்குப் பாலம் பிரேக்கில் கால் வைக்க வேண்டும். அறுவடை நேரத்தில் சாலையில் நெல்லும் வைக்கோலும் வேறு கிடக்கும்.

இப்படி அடிக்கடி பிரேக் பிடிக்கும் வழியில் பழைய பென்ஸ் மாதிரி கனமான கார் ஓட்டுகிறீர்களா? பிரேக் பேடு மாற்றும்போது டிஸ்க்கையும் பாருங்கள். குழவி தேய்ந்தால் அம்மியும் தேயும் அல்லவா? அப்படித்தான் இதுவும். வண்டி நன்றாக ஆறிய பிறகு டிஸ்க்கின் ஓரத்தை விரலால் தடவுங்கள். விளிம்பு மேடாகத் தட்டுப்பட்டால், உள்ளே தேய்ந்திருக்கிறது. எவ்வளவு வரை மெலியலாம் என்பது பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். அதற்குக் கீழே போனால் கடைசல் பிடிக்கக் கூடாது. மாற்றத்தான் வேண்டும். இடது பக்கம் மாற்றினால் வலது பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். விலை கூடுதல்தான். ஆனால் இதில் சிக்கனம் வேண்டவே வேண்டாம்.

அடுத்த முறை பேடு மாற்றும்போது, டிஸ்க்கையும் அளந்து காட்டச் சொல்லி மெக்கானிக்கிடம் கேளுங்கள்.